நதிக்கரைப் படங்களில் நிழலுரு: ஒரு காகித வியாபாரியின் பார்வை

சென்ற ஆண்டு விழாவில் நம் சங்கத்து இளைஞர்கள் கூடத்தின் இரு பக்கச் சுவரிலும் கயிறு கட்டி, தாங்கள் எடுத்த படங்களைத் தொங்க விட்டிருந்தார்கள். நதியும் நகரமும் என்பது பொருள். நாடகம் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார்கள், பிரமாதம் என்றார்கள், போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மூன்று சுற்று வந்தேன். பாதிக்கு மேற்பட்ட படங்களில் மனிதர்களுக்கு முகம் இல்லை. பின்னால் ஆரஞ்சு நிற வானம், நடுவே தண்ணீர், முன்னால் கறுப்பாக ஓர் ஆள். படகோட்டி கறுப்பு, குளிப்பவள் கறுப்பு, சாமியார் கறுப்பு, பறவைகூடக் கறுப்பு.

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் நாலடியாரையோ நீலகேசியையோ பற்றி எழுதாமல் இதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அதுல எழுத என்ன சார் இருக்கு?" என்றார் செயலாளர். இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கறுப்பு உருவங்களில் ஒன்று என் தாயார்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் காமிரா பிடித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1982-இல் தில்லிக்கு வந்து, சாவ்டி பஜாரில் காகித வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டவன். வீடு ஜனக்புரி. படிப்பு பள்ளியோடு சரி, மற்றதெல்லாம் கடையில் உட்கார்ந்து படித்தது. ஆனால் படம் அச்சாவதை நாற்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எந்தப் படம் எந்தக் காகிதத்தில் உயிரோடு வரும், எது செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஃபோட்டோவுக்குத் தமிழில் மூன்று பெயர் வைத்திருக்கிறோம். நிழற்படம், ஒளிப்படம், புகைப்படம். 1839-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பரப்பிய கிரேக்கச் சொல்லுக்கு 'ஒளியால் எழுதுவது' என்று பொருள். ஆகவே ஒளிப்படம்தான் சரி என்பார்கள் இலக்கணம் தெரிந்தவர்கள். நம் ஊர் ஸ்டுடியோக்காரர் யாரும் அதைக் கேட்டுக்கொண்டு பலகை மாற்றியதாக நான் பார்க்கவில்லை. எனக்கென்னவோ மூன்றும் வேண்டும் என்று தோன்றுகிறது. இங்கே நான் பேசப்போகும் வகைப் படம், ஆங்கிலத்தில் 'சில்லவுட்' என்கிறார்களே, ஒளிக்கு எதிரே நின்றவரின் வெளிக்கோடு மட்டும் தெரிவது, அதற்கு நிழலுரு என்று சொல்லிக்கொள்கிறேன். புகைப்படம் என்ற பெயரின் பொருத்தம் தில்லிக் குளிர்காலத்தில்தான் விளங்கும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சில்லவுட் என்பது ஓர் ஆளின் பெயர். எதியேன் த சில்லவெத் என்பவர் 1759-இல் பிரான்ஸ் நாட்டு நிதி மந்திரி. சில மாதம்தான் பதவியில் இருந்தார். பணக்காரர் மேல் வரி, அரண்மனைச் செலவில் வெட்டு என்று ஆரம்பித்ததும் ஜனங்கள் கேலி செய்தார்கள். மலிவாக, சிக்கனமாக எது இருந்தாலும் அவர் பெயரால் அழைத்தார்கள். அந்தக் காலத்தில் ஓவியரை வைத்து முகம் வரைந்துகொள்ள வசதி இல்லாதவர்கள், பக்கவாட்டு முகத்தின் நிழலைக் கறுப்புக் காகிதத்தில் கத்தரித்து ஒட்டிக்கொள்வது வழக்கம். மந்திரியின் பெயர் கடைசியில் அதற்கே நிலைத்துவிட்டது. காகித வியாபாரி என்ற முறையில் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நிழலுரு என்றாலே மலிவுச் சரக்கு என்று பிறந்தபோதே முத்திரை குத்திவிட்டார்கள்.

அச்சிலும் அப்படித்தான். 1980களில் சங்க மலர்களுக்குப் படம் போட வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும். முகம் என்றால் ஹாஃப்டோன் பிளாக். கன்னத்தின் மேடு, கண்ணின் பள்ளம் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். காகிதம் மட்டமாக இருந்தால் மை பரவி, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலைவர் முகமும் பொருளாளர் முகமும் ஒன்றாகிவிடும். எத்தனை மலர்களில் எத்தனை பேர் அப்படிக் கருகிப்போனார்கள்! நிழலுருவுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. லைன் பிளாக் போதும், செலவும் குறைவு. கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை. நியூஸ்பிரிண்டில் போட்டாலும் கெடாது, மேப்லித்தோவில் போட்டாலும் கெடாது. கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லையே.

சரி, சுவரில் தொங்கிய படங்களுக்கு வருவோம். அவற்றில் பெரும்பங்கு காசி. தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்குக் காசி ஒரு ராத்திரி ரயில் தூரம். பெரியவர்களைக் காரியத்துக்கோ யாத்திரைக்கோ அழைத்துப் போகும் பிள்ளைகள் காமிராவும் எடுத்துப் போகிறார்கள்.

காசியில் கங்கை வடக்கு நோக்கிப் பாய்கிறது. ஊர் மொத்தமும் மேற்குக் கரையில். எண்பத்து நாலு படித்துறைகளும் கிழக்கே முகம் காட்டி நிற்கின்றன. எதிர்க்கரையில் மணல்வெளி, மாடி வீடு கிடையாது. ஆகவே காலையில் சூரியன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் எந்தத் தடையும் இல்லாமல் எழுகிறது. மேற்படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்து ஒரு படம் எடுங்கள். நமக்கும் சூரியனுக்கும் நடுவில் யார் வந்தாலும் கறுப்பாகிவிடுவார். காமிரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆளைக் கைவிட்டுவிடுகிறது. அதே நேரத்தில் ஒரு படகில் ஏறி, கரையைப் பார்த்து எடுங்கள். இப்போது சூரியன் நம் முதுகில். படியில் குளிக்கிறவர், பல் விளக்குகிறவர், சந்தியாவந்தனம் செய்கிறவர், டீக்காரர் என்று அத்தனை முகமும் பொன்னாகத் தெரியும். ஒரே ஊர், ஒரே நிமிஷம், ஒரே ஜனங்கள். முகம் வேண்டுமா வேண்டாமா என்பதை நாம் நிற்கும் இடம் முடிவு செய்கிறது.

ஆக, காசியில் நிழலுரு எடுப்பது சாமர்த்தியம் அல்ல. அதிகாலை எழுந்து வந்த எவருக்கும் அது கிடைக்கும். பூகோளம் இலவசமாகத் தருகிற சரக்கு. இலவசமாகக் கிடைத்த சரக்கை விலைக்கு விற்பவனிடம், இதில் உன் உழைப்பு எது என்று கேட்பதில் தப்பில்லை. இப்போது ஒரு நியாயம் கூடுதலாகவும் இருக்கிறது. இன்றைய செல்ஃபோன்கள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்துக் கலந்து, எதிர்வெளிச்சத்திலும் முகத்தை ஓரளவு மீட்டுக் கொடுத்துவிடுகின்றன. நிழலுரு வேண்டுமென்றால் திரையில் சூரியனைத் தேடி விரலால் தொட வேண்டும். தொட்டதும் ஆள் கறுத்துப்போகிறார். முன்பு அது காமிராவின் இயலாமை, இப்போது நம் விருப்பம். விரும்பித்தான் கறுக்கிறோம் என்றால், ஏன் என்று ஒரு பதில் வேண்டுமல்லவா?

இந்த இடத்தில் ரகுபீர் சிங்கை நினைக்காமல் இருக்க முடியாது. 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999-இல் மறைந்தவர். தானே கற்றுக்கொண்டவர், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். கங்கையை அவர் விட்டதே இல்லை. 1974-இல் கங்கை பற்றி ஒரு புத்தகம், 1987-இல் பனாரஸ் பற்றித் தனிப் புத்தகம், 1992-இல் மறுபடி கங்கை. நம் தமிழ்நாட்டைப் பற்றியும் ஒன்று போட்டிருக்கிறார். தெருப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பெரிய கைகள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பிடிவாதமாக வண்ணத்திலேயே எடுத்தவர். 1998-இல் வந்த 'ரிவர் ஆஃப் கலர்' தொகுப்பின் முன்னுரையில் அதற்குக் காரணமும் சொல்கிறார். கறுப்பின் துயரம் மேற்கத்திய மனசுடையது, இந்தியக் கண் வண்ணத்தில் வளர்ந்தது, நம் சிற்றோவியக்காரர்கள் உலகத்தை நிழலால் பார்க்கவில்லை என்று போகிறது அவர் வாதம்.

அவர் காசியில் 1985 வெள்ளத்தில் எடுத்த படம் ஒன்று. கங்கை படித்துறைகளை விழுங்கிவிட்டிருக்கிறது. ஓர் ஆள் உயரத்திலிருந்து தாவுகிறான், உடல் ஆகாயத்தில் நிற்கிறது. இதையே வேறு யாராவது எடுத்திருந்தால் சூரியனைப் பின்னால் வைத்து, ஒரு கறுப்புப் பறவை மாதிரி ஆக்கியிருப்பார்கள். கைத்தட்டலும் கிடைத்திருக்கும். ரகுபீர் சிங் மழைக்கால வெளிச்சத்தில், அழுக்குத் தண்ணீர் அழுக்காகவே தெரியும்படி எடுத்திருக்கிறார். தாவுகிறவன் ஒரு குறியீடு அல்ல, அந்தத் தண்ணீரில் விழப்போகிற ஒருவன். பீகாரில் முங்கேர் என்ற ஊரில் 1967-இல் அவர் எடுத்த மழைப்படத்திலும் இதே கதைதான். நனைந்த புடவையோடு சில பெண்கள் நெருக்கி நிற்கிறார்கள். சூரியனே கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்தவருக்கு அந்தக் குளிர் மறக்காது.

இன்னொருவர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956-இல் வந்தது. அதில் பாதிக் கதை காசியில். படித்துறைக் காட்சிகளை அங்கேயே போய் எடுத்தார்கள். ஆனால் அந்தக் குடும்பம் குடியிருக்கும் முற்றத்து வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவில் போட்டார்கள். காசிச் சந்து வீட்டு முற்றத்தில் வெயில் நேராக விழாது. மேலே தெரிகிற துண்டு வானத்திலிருந்து இறங்கி, சுவரில் பட்டு, எல்லார் முகத்திலும் சமமாகப் பரவும். நிழல் விழாத வெளிச்சம். ஸ்டுடியோ விளக்கு போட்டால் ஆளுக்கு நாலு நிழல் விழுமே, என்ன செய்வது? மித்ரா செட்டின் தலைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி, விளக்கை ஆட்கள் மேல் காட்டாமல் துணி மேல் காட்டினார். துணியில் பட்டு இறங்கிய வெளிச்சம் அசல் முற்றத்து வெளிச்சமாகிவிட்டது. நல்ல ஒளி என்றால் பளீரென்று பின்னால் அடிப்பது என்று நினைக்கும் நம் பிள்ளைகள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். காசியின் அதிசயம் ஆற்றங்கரைச் சூரியனில் மட்டும் இல்லை, சந்துக்குள் இறங்குகிற அந்த மங்கிய வெளிச்சத்திலும் இருக்கிறது. நம் சுவரில் சந்துப் படம் இரண்டே இரண்டு.

பின்னொளி மோகம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவில் 1986-இல் 'மௌன ராகம்' வந்தபோது, தில்லியில் குடியேறிய தமிழ்ப் பெண்ணின் கதையாச்சே என்று நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தி முகத்தைப் பாதி இருட்டில் வைக்கும் அழகு அப்போதே கண்ணில் ஒட்டிக்கொண்டது. அவர் கதைக்காகச் செய்தார். பின்னால் வந்தவர்கள் கல்யாண ஆல்பத்துக்கும் செய்கிறார்கள்.

இனி யமுனை. ஜனக்புரிக்காரனுக்கு ஆறு ஏது என்று கேட்பீர்கள். நமக்குப் பக்கத்தில் ஓடுவது நஜஃப்கட் நாலா. மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோமே, அதுவும் ஒரு காலத்தில் சாஹிபி என்ற ஆறுதான். இப்போது ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு வஜீராபாத் அணைக்குக் கீழே யமுனையில் போய் விழுகிறது. அந்த வகையில் நாமும் நதிக்கரைவாசிகளே.

ஞாயிற்றுக்கிழமை பஜார் விடுமுறை. செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திருக்குப் போய்விட்டு, அங்கேயே உள்ள பறவை ஆஸ்பத்திரியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குளிர்காலமானால் ரிக்‌ஷா பிடித்து யமுனைப் படித்துறைக்குப் போவது என் பழக்கம். குளிர் மாதங்களில் அங்கே கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். சைபீரியப் பறவை என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். எல்லாம் அங்கிருந்து வந்தவை அல்ல, பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக் ஏரிகளிலும் குஞ்சு பொரிக்கும். விடிகிற நேரத்தில் பறவையைவிடக் காமிரா அதிகம். படகில் ஏறியவர்கள் காராசேவை வாரி இறைக்கிறார்கள். எண்ணெயில் பொரித்ததைப் பறவைக்குப் போடலாமா என்று நான் கேட்டால் கிழவன் புலம்புகிறான் என்பார்கள். பறவைகள் கூட்டமாக எழும், நடுவில் துடுப்போடு படகோட்டி, பின்னால் தட்டு மாதிரி செம்மஞ்சள் சூரியன். உடனே ஐம்பது காமிராக்கள் சடசடக்கும்.

அந்தச் சூரியன் ஏன் அப்படிக் கண் கூசாமல், நேராகப் பார்க்கும்படி இருக்கிறது தெரியுமா? புகை. அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாளை எரிக்கும் புகை, பிறகு குளிர்காலம் முழுக்க வண்டிப் புகையும் புழுதியும் பனியோடு சேர்ந்து தலைக்கு மேல் மூடிபோட்ட மாதிரி நிற்பது. தாழ்ந்து நிற்கும் சூரியனின் வெளிச்சம் அவ்வளவையும் துளைத்து வருவதற்குள் நீலம் எல்லாம் சிதறிப்போய் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகிறது. நம் நெஞ்சில் இருமலாக இருப்பதுதான் படத்தில் பொன்னாக இருக்கிறது. இதைத்தான் முதலில் சொன்னேன், தில்லிக் குளிர்காலத்துக்குப் புகைப்படம் என்பதே சரியான பெயர்.

இதைவிட என்னை உறுத்தியது காளிந்தி குஞ்ச் படம். சட் பூஜையன்று பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசப் பெண்கள் மறைகிற சூரியனுக்கு மாலையிலும் எழுகிற சூரியனுக்கு மறுநாள் காலையிலும் அர்க்கியம் கொடுக்கிறார்கள். ஓக்லா அணையில் விழுந்து வரும் தண்ணீர், சோப்பும் சாக்கடையும் கலந்ததால் மலைமலையாக நுரைக்கும். பல வருஷங்களில் அவர்கள் இடுப்பளவு நுரையில் நின்றுதான் பூஜை செய்தார்கள். நம் சுவரில் இருந்த படத்தில் சூரியனுக்கு எதிரே ஒரு பெண், கையில் முறம், சுற்றிலும் வெண்மேகம். இமயமலையில் நிற்கிற தேவகன்னிகை மாதிரி இருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள், "குலு மணாலியா?" என்று கேட்டார். படம் எடுத்த பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் தெரிந்திருந்தால், அந்த நுரையில் நிற்பது அவளுக்கு எப்படி இருந்தது என்று ஓரளவு தெரிந்திருக்கும். புடவையின் நிறம் தெரிந்திருந்தால் நுரையின் அழுக்கும் தெரிந்திருக்கும். வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர், யமுனையின் மொத்த நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆற்றின் அழுக்கில் பெரும்பங்கை அங்கேதான் நாம் சேர்க்கிறோம். அந்தக் கறுப்பு அவளை மறைக்கவில்லை, நம்மை மறைக்கிறது.

இப்படிச் சொல்வதால் நிழலுருவே கூடாது என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அந்த விஷயத்தில் ரகுபீர் சிங்கோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. நிழல் நம்முடையது அல்ல என்று எப்படிச் சொல்வது? பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கிறது. மான் தோலில் வெட்டிய பாவை, இருபத்தோரு விளக்கு, வெள்ளைத் திரை. திரையில் விழுவது சுத்தக் கறுப்பு. பாடுவது நம் கம்பராமாயணம். மலையாள தேசத்தில், தமிழ்ப் பாட்டில், கறுப்பு நிழலில் ராமன் நிற்கிறான். முகபாவம் கிடையாது. வில்லின் வளைவு, கையின் தூக்கல், உட்காரும் விதம் இவற்றாலேயே யார் எவர் என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டுத் தோல்பாவையில் தோலை மெலிதாக்கி வண்ணம் தீட்டுவதால் நிழலே வண்ணமாக விழும். இரண்டும் நமக்கு உண்டு. கறுப்பு நிழலில் பேச வேண்டுமானால் உடம்பு பேச வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கூத்துக்காரர்களின் சட்டம்.

அந்தச் சட்டப்படி பார்த்தால் நம் சுவரில் தேறியவை சில உண்டு. 1860களில் கட்டிய பழைய யமுனை இரும்புப் பாலம், மேலே ரயில், கீழே வண்டிகள் என்று இரண்டு அடுக்கு. கீழ்த்தட்டில் இரும்புச் சட்டங்களின் இடையே சாய்வெளிச்சம் கோடுகோடாக விழுகிறது. ஒரு கைவண்டிக்காரர் தன் முழு எடையையும் முன்னால் சாய்த்து இழுக்கிறார். முகம் தெரியவில்லை, ஆனால் சுமையின் எடை தெரிகிறது. சாவ்டி பஜாரில் தினம் ரீம் ரீமாகக் காகிதம் ஏற்றி அனுப்புகிறவன் நான். அந்தச் சாய்மானத்தைப் பார்த்தே வண்டியில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்று காசி ஹரிச்சந்திர கட்டத்தில் எடுத்தது. மொட்டைத் தலையோடு ஒருவர் படியில் உட்கார்ந்திருக்கிறார், முதுகு நம் பக்கம், தூரத்தில் தீ. மணிகர்ணிகையிலும் அங்கேயும் காமிராவைத் தூக்கினாலே அதட்டுவார்கள், அது நியாயமும்கூட. இந்தப் பையன் அதட்டு வாங்காமல் எப்படி எடுத்தான் என்று தெரியவில்லை. ஆனால் எடுத்ததில் ஒரு மரியாதை இருந்தது. அழுகிறவரின் முகத்தை எடுத்து நமக்குக் கொடுக்க அவன் யார்? அங்கே கறுப்பு ஒரு துண்டைப் போல அவர் மேல் போர்த்தியிருக்கிறது.

இனி என் தாயார் படம்.

2012 பிப்ரவரியில் அம்மாவை சம்மேத சிகர்ஜி யாத்திரைக்கு அழைத்துப் போனோம். வழியில் காசியில் இரண்டு நாள். உங்களில் பலருக்குக் காசி விசுவநாதர் ஊர். எங்களைப் போன்ற நயினார் குடும்பங்களுக்கு அது பார்சுவநாதர் பிறந்த ஊர், சுபார்சுவநாதர் பிறந்த ஊர். சுபார்சுவர் கோயில் பதைனியில் கங்கைக் கரையிலேயே இருக்கிறது, அந்தப் படித்துறைக்கு ஜைன் காட் என்றே பெயர். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயசு.

எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அம்மா தண்ணீரும் குடிக்க மாட்டார். மறுநாள் காலையில் எப்போது குடிக்கலாம் என்பதற்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. வாசலுக்கு வந்து உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். ரேகை தெரிந்தால் விடிந்தது. தெரியாவிட்டால் இன்னும் ராத்திரிதான். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி அது. ஜனக்புரிக்கு வந்த பிறகும் பால்கனியில் நின்று அப்படித்தான் பார்ப்பார். மூடுபனி நாளில் வெகுநேரம் கையை விரித்தபடியே நிற்பார். "விடியுறதுக்கு என்ன ஆயா அவசரம்?" என்று என் மகன் கேலி செய்வான். "எனக்கா அவசரம்? தொண்டைக்குத்தான் கண்ணு" என்பார்.

அன்று ஜைன் காட்டில் அவர் கீழ்ப்படியில் நின்றார். குளிருக்குச் சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார். காலடியில் ஒரு சொம்பு. கிழக்கு வெளுத்திருந்தது. கையை முகத்துக்கு நேரே தூக்கி, தலையைச் சற்றுக் குனிந்து பார்க்கிறார். மேற்படியிலிருந்து என் மகன் எடுத்துவிட்டான். அம்மா 2015-இல் போய்விட்டார். அவர் தனியாக நிற்கும் கடைசிப் படம் அதுதான். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியபோது என் அக்கா சண்டை பிடித்தார். "இதைப் போயி மாட்டி வச்சிருக்கியே, அம்மா மூஞ்சியே தெரியலையேடா" என்று அழுதார்.

விழாவுக்கு மகன் அந்தப் படத்தையும் கொடுத்திருந்தான். கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'சூரிய வழிபாடு' என்று எழுதியிருந்தது. எழுதியது அவன் இல்லை, சீட்டு ஒட்டியவர்களில் யாரோ. பார்த்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கை தூக்கியிருக்கிறது, காலடியில் சொம்பு இருக்கிறது, காசி வேறு. அர்க்கியம் கொடுக்கிற பாட்டி என்று முடிவாகிவிட்டது. ஒருவர் கும்பிட்டும் விட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் சூரியனே இல்லை என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி மகனிடம் சொன்னபோது, "அப்படியாப்பா? நானும் கும்புடறாங்கன்னுதான் எடுத்தேன்" என்றான். வீட்டில் தினம் பார்த்துக் கேலி செய்தவன்தான். காசியில், ஆற்றங்கரையில், காமிரா வழியாகப் பார்த்தபோது அவனுக்கே அது வேறாகத் தெரிந்திருக்கிறது. முகத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. காசியில் கை தூக்கினால் கும்பிடு, யமுனையில் படகு போனால் அமைதி, காளிந்தி குஞ்சில் நின்றால் தேவகன்னிகை.

அதனால் அந்தப் படத்தைக் கீழே இறக்கச் சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். பல நாள் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றியது. படகிலிருந்து, விடிந்த பிறகு எடுத்திருந்தால் அம்மாவின் முகமும் கிடைத்திருக்கும், கை ரேகையும் கிடைத்திருக்கும். ஆனால் ரேகை தெரிகிற வெளிச்சத்தில் அவர் கையைத் தூக்கியிருக்க மாட்டார், தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கணத்தில் அவருக்குத் தன் கை கறுப்பாகத்தான் தெரிந்தது. காமிராவுக்கும் அப்படியே தெரிந்தது. வானம் வெளுத்திருக்கிறது, கை இன்னும் வெளுக்கவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்ததே அதற்குத்தான். நான் பார்த்த நதிக்கரை நிழலுருக்களில், கறுப்பு எதையும் மறைக்காமல் தானே விஷயமாக இருப்பது இது ஒன்றுதான் என்று சொல்வேன். பெற்ற தாய் என்பதால் சொல்கிறேன் என்று நீங்கள் சந்தேகப்பட்டால் அதிலும் பாதி உண்மை இருக்கும். எங்கள் தர்க்கத்தில் அதற்கும் இடம் உண்டு.

சீட்டில் எழுதியதுதான் தப்பு. படம் சரி.

இந்தக் கட்டுரையோடு அந்தப் படத்தையும் போட மலர்க் குழுவினர் சம்மதித்திருக்கிறார்கள். கீழே 'விடிந்ததா?' என்று மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். எந்தக் காகிதத்தில் அடித்தாலும் அது கெடாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்த ஒரு பாரத்துக்கு ஆர்ட் பேப்பர் என் செலவில் தருகிறேன். அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பையன் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்த ஃபைல்ல கறுப்புக்குள்ள விவரம் இருக்கு. கொஞ்சம் தூக்கிவிட்டா முகம் வந்துடும், ரெண்டு நிமிஷ வேலை. செஞ்சிடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. மறுநாள் அவனுக்கு ஃபோன் செய்து, மலருக்கு இருக்கிறபடியே இருக்கட்டும், என் அக்காவுக்கு மட்டும் ஒரே ஒரு பிரதி, முகம் தெரிகிற மாதிரி எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன்.